தூக்குக் கயிறு யார் கையில்? பெர்முடா, கரீபியன் தீவுகள், போர்ட்டோ ரிக்கோ

பிரிட்டனில் கடைசித் தூக்கு 1964 ஆகஸ்டில். 1965-ல் கொலைக்கான மரண தண்டனையை நிறுத்திவைத்து, 1969-ல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே கொடி பறந்த, பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் 1977 டிசம்பர் 2 அன்று எர்ஸ்கின் பரோஸ், லாரி டாக்லின் என்ற இரண்டு கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்டார்கள். 1973-ல் ஆளுநர் ரிச்சர்ட் ஷார்ப்பிள்ஸைச் சுட்டுக் கொன்றதற்காக பரோஸுக்கு அந்தத் தண்டனை. டாக்லின் அந்த வழக்கில் விடுதலையாகி, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடந்த கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டவர். கருணை காட்டும் அதிகாரம் லண்டனிடம் இருந்தும் காட்டவில்லை. கலவரம் வெடித்து, ஹோட்டல் தீயில் 3 பேர் இறந்து, பிரிட்டனிலிருந்து படை வந்து இறங்கியது. தன் மண்ணில் வேண்டாம் என்று ஒழித்த தண்டனையைக் கடல் தாண்டி நிறைவேற்ற விட்டது பெரிய அநியாயம்.

சரி, அப்புறம் எப்படி ஒழிந்தது? இங்கேதான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

அங்குவிலா, பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகள், கேமன், மொன்செராட், டர்க்ஸ் கைகோஸ் ஆகிய பிரிட்டனின் 5 கரீபியன் ஆட்சிப்பகுதிகளிலும் 1991-ல் லண்டன் ஓர் அரசாணை போட்டுக் கொலைக்கான தூக்கை நீக்கியது. தீவுச் சட்டமன்றங்களின் வாக்கு தேவைப்படவில்லை. வேகமான வழி, உயிர் காக்கும் வழி, அதை மறுக்கவே மாட்டேன்.

பெர்முடாவுக்குத் தன்னாட்சி அதிகம் என்பதால் அப்படிச் செய்யவில்லை. 1990-ல் அங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது, வாக்களித்தவர்களில் 5-ல் 4 பேர் அளவுக்குத் தூக்கு இருக்கட்டும் என்றார்கள். 1998 இறுதியில் முற்போக்கு தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது, லண்டனும் நெருக்கியது, 1999-ல் தீவின் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி ஒழித்தது. எட்டு வருடம் தாமதம்தான், ஆனால் பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராகத் தங்கள் பிரதிநிதிகளே எழுந்து நின்று வாக்களித்த முடிவு அது. அதனால்தான் எனக்கு பெர்முடா வழி மேல்.

மேலிருந்து வரும் ஆணையை நான் முழுசாக நம்பாததற்குக் காரணம் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோ. அந்தத் தீவு 1929-லேயே மரண தண்டனையை ஒழித்தது, 1952 அரசியல் சட்டத்தில் மரண தண்டனை இருக்கக் கூடாது என்றே எழுதி வைத்தது. ஆனாலும் அமெரிக்கக் கூட்டாட்சி வழக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி நடக்கும் வழக்கு என்றால், அரசு வழக்கறிஞர் மரண தண்டனை கேட்கலாம். அது போர்ட்டோ ரிக்கோவில் செல்லாது என்று 2000-ல் தீவிலிருந்த கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார், மறு வருடமே பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. ஸ்பானிஷ் பேசும் ஊரில் விசாரணை ஆங்கிலத்தில், அதனால் ஆங்கிலம் தெரியாதவர் ஜூரியில் உட்காரவே முடியாது. லண்டன் தீவுகளைக் கேட்காமல் தூக்கை எடுத்தது, வாஷிங்டன் தீவைக் கேட்காமல் மரண தண்டனையைக் கொண்டுவந்து வைக்கிறது. அதிகாரம் ஓடும் திசை ஒன்றேதான்.

பிரான்ஸ் இதில் தெளிவு. 1981-ல் நீதி அமைச்சர் ராபர்ட் பதேந்தர் மரண தண்டனையை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டம் கடல்கடந்த பகுதிகளுக்கும் சேர்த்தே செல்லும் என்றது, அந்தப் பகுதிகளுக்குப் பாரிஸில் வாக்குள்ள உறுப்பினர்கள் உண்டு. போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்கு இல்லை, காங்கிரஸின் கீழவைக்கு அவர்கள் அனுப்பும் ஒரே பிரதிநிதிக்கும் சட்டம் நிறைவேறும்போது வாக்கு இல்லை. அங்கே அரசு வழக்கறிஞர்கள் மரண தண்டனை கேட்டபோதெல்லாம் அதைத் தர மறுத்தவர்கள் தீவின் ஜூரிகள்தான்.