ஐந்து முக ரிஃப்ளெக்டரும் ஆச்சியின் வைரத்தோடும்

நான் கல்யாணப் போட்டோ எடுக்கிறவன். வெளிச்சத்தை முகத்தில் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டர் என்றால் பதினாறு வருடமாக எனக்குத் தெர்மாகோல் அட்டைதான். பின்பக்கம் பிரவுன் டேப் ஒட்டி வைத்திருப்பேன். உடைந்தால் இன்னொன்று. அதுவும் கையில் இல்லாத அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா யாராவது வேட்டியை விரித்துப் பிடிப்பார். போன ஆடியில் கல்யாண வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது திருச்சியில் ஒரு கடைக்குப் போய், 1,350 ரூபாய்க்கு ஃபைவ் இன் ஒன் ரிஃப்ளெக்டர் ஒன்று வாங்கி வந்தேன். எட்டு மாதம் அடித்துப் பிழிந்தாகிவிட்டது. கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த விலையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

விரித்தால் 110 சென்டிமீட்டர் வட்டம், மடித்தால் தோசைக்கல்லை விடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் ஒளி ஊடுருவும் வெள்ளைத் துணி, அதன் மேல் தலையணை உறை மாதிரி ஜிப் வைத்த உறை. உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால் சில்வர், கோல்டு, வெள்ளை, கறுப்பு.

எல்லோரும் சில்வருக்காகத்தான் வாங்குகிறார்கள். நம் ஊர் வெயிலில் அதைக் கிட்டே பிடித்தால் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், மை கரையும், அப்புறம் அரை மணி நேரம் போச்சு. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று, மர நிழலில் நிற்பவர் முகத்துக்கு லேசாகத் தள்ளினால் சரி. கோல்டு பக்கத்தை இதுவரை ஒரே ஒரு தடவை எடுத்தேன். பட்டுப்புடவை, மஞ்சள் பூசிய முகம், சாயங்கால வெயில், அதன் மேல் இதுவும் சேர்ந்தால் படத்தில் இருப்பவருக்குக் காமாலை. கறுப்புதான் எதிர்பாராத லாபம். செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வெயில் பட்டால் தாடைக்கு அடியில் சிவப்பை அள்ளி அடிக்கும். கறுப்பைத் தரையில் விரித்துவிட்டால் அது அடங்கிவிடும்.

ஆனால் கொடுத்த காசு முழுவதும் எனக்குத் திரும்பி வந்தது யாரும் கண்டுகொள்ளாத அந்த நடுத்துணியில்தான்.

தை மாதம் காரைக்குடிப் பக்கம் ஓர் அறுபதாம் கல்யாணம். பெரிய ஆச்சியைத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும், முற்றத்திலேதான் எடுக்க வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டார். மணி பதினொன்றரை. உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் இருட்டு, மூக்கு நிழல் உதட்டில். உறையைக் கழற்றிவிட்டு, வெறும் நடுத்துணியை ஆச்சியின் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தவன் என் அக்கா மகன். வானத்தில் சூரியன் ஒரு புள்ளிதானே, அதனால்தான் நிழல் கத்தி மாதிரி விழுகிறது. துணி வந்ததும் அந்தத் துணியே விளக்காகிவிடுகிறது. எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மிருது. முகத்துச் சுருக்கம் அப்படியே இருந்தது, கடுமை மட்டும் போய்விட்டது. எதிரே சுண்ணாம்புச் சுவர் வெள்ளைவெளேரென்று இருந்ததால் கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளியும் தானாக வந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். துணி ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தைச் சாப்பிடும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வெயிலில் இருக்கும் பின்னணி வெளுத்துவிடும். அதனால் ஆச்சியின் நாற்காலியைத் திருப்பி, பின்னால் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவின் நிழல் வருகிற மாதிரி போட்டேன். 85 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8, ஷட்டர் 1/1250 நொடி. துணி இல்லாமல் அந்த வெயிலுக்கு 1/3200 போக வேண்டியிருக்கும்.

ஆச்சி பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற மாதிரி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு விறைத்திருந்தார். ‘சிரிங்க’ என்று சொல்லியிருந்தால் இன்னும் விறைத்திருப்பார். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முகத்தை மட்டும் என் பக்கம் கொண்டுவரச் சொன்னேன். கையில் வெற்றிலையைக் கொடுத்து, ‘காம்பு கிள்ளுங்க ஆச்சி’ என்றேன். கைக்கு வேலை வந்ததும் தோள் இறங்கிவிட்டது. கண் கூசினால் மூடிக்கொள்ளுங்கள், மூன்று எண்ணியதும் திறவுங்கள் என்றேன். திறந்த அந்த ஒரு நொடிதான் படம்.

திரையில் பார்த்துவிட்டு ஆச்சி சொன்னது: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தோடு மின்னவே இல்லையேப்பா.”

ஆச்சி சொன்னது ரொம்பச் சரி. வைரம் மின்ன வேண்டுமானால் புள்ளி வெளிச்சம் வேண்டும், துணி அதைக் கொன்றுவிடுகிறது. துணியை நாலு விரல் பின்னால் இழுத்து, காது மடலில் மட்டும் நேர் வெயில் படுகிற மாதிரி வைத்தோம். ஏழு கல் தோடு பொரிந்தது. அதற்குள் பையன் “மாமா, கை வலிக்குது” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான்.

இனி குறைகள். 110 சென்டிமீட்டர் என்பது ஒருவரின் தலைக்கும் தோளுக்கும் சரி. தம்பதியாக நின்றால் ஒருவருக்கு நிழல், ஒருவருக்கு வெயில். பிடிக்க ஆள் இல்லாமல் இது வெறும் தட்டு. ஸ்டாண்டில் மாட்டி வைத்தேன், காற்று வாங்கிக்கொண்டு ஸ்டாண்டோடு சாய்ந்தது. ஆடியில் அம்மியே பறக்கும்போது இது எம்மாத்திரம். இரண்டாம் மாதமே ஜிப் பிய்ந்து, தையல்காரரிடம் 80 ரூபாய் கொடுத்து வேறு போட்டேன். சில்வர் பூச்சு மடிப்பில் உதிர ஆரம்பித்திருக்கிறது. குரூப் போட்டோவுக்கு இன்னும் தெர்மாகோல்தான் காரில் வருகிறது.

வாங்குகிறவர்கள் கடையிலேயே ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பாருங்கள், மடிக்கவும் அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். எட்டு மாதிரி முறுக்கி, ஒரு விளிம்பை உள்ளே தள்ள வேண்டும். முதல் வாரம் என் மூக்கில் இரண்டு அடி. எனக்குக் காட்ட முயன்ற கடைக்காரருக்கே வரவில்லை. வியர்த்துப்போய், டீ வாங்கப் போயிருந்த கடைப் பையன் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.