7,700 பவுண்டு இழுக்கும் வண்டியும் கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரும்

படுக்கை, சமையலறையோடு வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிராவல் டிரெய்லர் வாங்குவதென்று முடிவானதும் அதை இழுக்க மிட்சைஸ் பிக்கப் (பின்னால் திறந்த பெட்டி உள்ள நடுத்தர அளவு வண்டி) தேடத் தொடங்கினோம். நான்கு மாதத்தில் ஆறு வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் வீட்டுக்கு வந்தது ஷெவர்லே கொலராடோ. இரண்டு கோடைகள் அதில் டிரெய்லரை இழுத்தாகிவிட்டது. இன்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையே எடுப்பேன். ஆனால் நான் தேடத் தொடங்கியபோது பார்த்துக்கொண்டிருந்த காரணம் வேறு, அதை எடுக்க வைத்த காரணம் வேறு.

முதலில் எளிதாகத் தள்ளிவைத்தவை. ஹோண்டா ரிட்ஜ்லைன் ஆறிலும் சொகுசானது, அன்றாட ஓட்டத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் இழுவை வரம்பு 5,000 பவுண்டு. சிறிய டிரெய்லர் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். எங்கள் டிரெய்லருக்கு அது எல்லையிலேயே நிற்கும். ஜீப் கிளாடியேட்டரின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், நீளம்; அது இழுவைக்கு நல்லது. ஆனால் 260 பவுண்டு-அடி டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை) மட்டுமே உள்ள வி6 எஞ்சினை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏற எனக்கு மனம் வரவில்லை.

நிசான் ஃபிரான்டியரை விடுவதற்குத்தான் வருத்தமாக இருந்தது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத 3.8 லிட்டர் வி6, 310 குதிரைத்திறன், சிக்கல் இல்லாத அமைப்பு. பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதன் 281 பவுண்டு-அடி டார்க் முழுதாகக் கிடைக்க எஞ்சின் 4,400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 4,400 முறை, சுற்ற வேண்டும். அதோடு டர்போ இல்லாத எஞ்சின் உயரம் ஏற ஏறச் சக்தி இழக்கும், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம். 8,000 அடி உயரக் கணவாயில் கால்வாசிச் சக்தி போய்விடும். சமவெளியிலேயே பயணம் செய்பவருக்கு இது பொருட்டே அல்ல. நாங்கள் போவது மலைகளுக்கு.

மீதி மூன்று: கொலராடோ, ஃபோர்டு ரேஞ்சர், டொயோட்டா டகோமா. மூன்றிலும் டர்போ உண்டு. விளம்பரத்தில் வரும் அதிகபட்ச இழுவை கொலராடோவுக்கு 7,700, ரேஞ்சருக்கு 7,500, டகோமாவுக்கு 6,500 பவுண்டு. ஒரு மாதம் இந்த எண்களையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாதம் வீண்.

டகோமா ஹைபிரிட்தான் என் கண்ணைத் திறந்தது. அதன் டார்க் 465 பவுண்டு-அடி, மூன்றிலும் அதிகம். ஆனால் இழுவை வரம்பு 6,000 பவுண்டு, சாதாரண டகோமாவைவிடக் குறைவு! எஞ்சின் இழுக்கும், ஆனால் வண்டி தாங்காது. எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு கேள்வி, முதுகில் எவ்வளவு சுமக்கும் என்பது இன்னொன்று. டிரெய்லர் வைத்திருப்பவருக்கு இரண்டாவதுதான் முதலில் முட்டும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று மஞ்சள் பட்டையில் அச்சிட்டிருக்கும். அதுதான் அந்த வண்டியின் பேலோட். ஒரே மாடலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளில்கூட இந்த எண் மாறும். சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம், பெரிய டயர் என ஏறும் ஒவ்வொன்றும் அதிலிருந்து கழியும். டிரெய்லரின் முன்பகுதி, அதை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச்சின் மேல் அழுத்தும் டங் வெயிட்டும் இந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். குறைத்தால் பின்னால் டிரெய்லர் வாலாட்டும், அது உயிருக்கே ஆபத்து. அதனால் அதில் கஞ்சம் பிடிக்க வழியில்லை.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். டிரெய்லரின் வெற்று எடை 4,000 பவுண்டு என்று விற்பனைத் தாளில் இருந்தது. பாத்திரம், படுக்கை, பாட்டரி, புரொபேன் சிலிண்டர், தண்ணீர் எல்லாம் ஏற்றி எடை மேடையில் நிறுத்தியபோது 4,950. தண்ணீர் மட்டுமே ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு. சிலிண்டர்களும் பாட்டரியும் டிரெய்லரின் மூக்கிலேயே உட்கார்ந்திருப்பதால் டங் வெயிட் 645 ஆனது, அதாவது 13 சதவீதம். டங் வெயிட்டை முன்சக்கரங்களுக்கும் பகிரும் ஹிட்ச் 80 பவுண்டு. நானும் மனைவியும் 310, பிள்ளைகள் இருவர் 150, அம்மா 130. பின்பெட்டியில் ஜெனரேட்டர், சைக்கிள்கள், கருவிப்பெட்டி எல்லாம் 120. கூட்டினால் 1,435 பவுண்டு. 7,700 இழுக்கும் வண்டியில் 5,000-க்கும் குறைவான டிரெய்லரை மாட்டியே இந்த நிலை.

விளம்பர எண் பொய்யில்லை. அது எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுச் சோதனை முறைப்படி வருவது. அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழுவேகத்தில் ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கு வைப்பது தலா 150 பவுண்டில் இரண்டு பேரை. டங் வெயிட்டோ 10 சதவீதம். ஐந்து பேர் கொண்ட குடும்பமும் சைக்கிள்களும் அந்தக் கணக்கில் இல்லை.

எடை மேடையிலிருந்து வந்தபிறகு ஷோரூம்களில் நான் முதலில் செய்தது கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்ப்பதுதான். நான் பார்த்த டகோமா ஹைபிரிட் வண்டிகள் எல்லாமே 1,435-க்குக் கீழே இருந்தன. ஆஃப்-ரோடு மாடல்கள் பக்கம் போகவே வேண்டாம். மென்மையான சஸ்பென்ஷனும் பெரிய டயரும் இழுவையைக் குறைத்துவிடுகின்றன: கொலராடோ இசட்ஆர்2-வுக்கு வரம்பு 6,000, ரேஞ்சர் ராப்டருக்கு 5,510. எனக்கு ராப்டர் ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் எடுத்த கொலராடோ அலங்காரம் குறைந்த எல்டி என்ற வகை. அதன் ஸ்டிக்கரில் 1,520. எங்கள் சுமைக்கு 85 பவுண்டு மிச்சம். அந்த 85 பவுண்டுக்காகவே தோல் இருக்கைகளையும் பெரிய சக்கரங்களையும் விட்டேன்.

எஞ்சினும் கைகொடுத்தது. 2.7 லிட்டர் டர்போ, 310 குதிரைத்திறன், 430 பவுண்டு-அடி டார்க், அதுவும் 3,000 ஆர்பிஎம்மிலேயே. ஏற்றத்தில் கியர் இறங்கி அலறுவதில்லை, பேச்சுச் சத்தம் கேட்கிறது. சில்வராடோ 1500 என்ற பெரிய பிக்கப்பிலும் இதே எஞ்சின்தான். டாங்க் 21.4 கேலன், டகோமாவில் 18.2. டிரெய்லர் மாட்டினால் மைலேஜ் பாதியாகிவிடும் என்பதால் இந்த மூன்று கேலன் வித்தியாசம் பிள்ளைகளோடு போகும்போது நன்றாகவே தெரிகிறது. பழைய கொலராடோ வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2023 மாடலில் 237 குதிரைத்திறன் கொண்ட ஒரு வகையும் உண்டு. அதன் இழுவை வரம்பு 3,500 பவுண்டுதான். வெளித்தோற்றத்தை நம்பி எடுத்துவிடாதீர்கள்.

ரேஞ்சருக்கு நான் முழு நியாயம் செய்யவில்லை. 2.7 லிட்டர் வி6 எஞ்சினோடு வரும் ரேஞ்சர் 315 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடியும் தருகிறது, பத்து கியர். அரை மணி நேரம் காலி வண்டியாக ஓட்டியதில் கொலராடோவைவிட மென்மையாகவே இருந்தது. டிரெய்லர் மாட்டி ஓட்டும் வாய்ப்பு அமையவில்லை. எனக்கு வேண்டிய வகையில் ஸ்டிக்கர் எண் நல்லதாக அமைந்த ஒரு ரேஞ்சர் கையருகே இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். கொலராடோவின் டர்போ ஒரு லட்சம் மைலுக்கு மேல் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் அளவுக்கு நான் ஓட்டவும் இல்லை. மறுவிற்பனை மட்டுமே முக்கியம் என்றால் டகோமாவை எடுங்கள், அந்தப் பெயருக்குச் சந்தையில் உள்ள மதிப்பே தனி.

ஏற்றியபின் 6,000 பவுண்டைத் தாண்டும் டிரெய்லர் உங்களுடையது என்றால் இந்த ஆறையும் விட்டுவிட்டுப் பெரிய பிக்கப்புக்குப் போய்விடுங்கள். எங்களுக்கு 85 பவுண்டு இடைவெளி போதும் என்றிருந்தோம். இரண்டாம் கோடையில் பிள்ளைகள் வளர்ந்ததில் அதில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இப்போது அம்மா வரும் பயணங்களில் சைக்கிள்களை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறோம்.