சூரிய மின்வேலிக் கருவி: ஒரு பெரும்போகத்து அனுபவம்

கடந்த பெரும்போகத்தில், தம்பலகாமத்திலுள்ள எமது மூன்று ஏக்கர் வயலைச் சுற்றி யானை வேலி அடிப்பதற்காக, திருகோணமலை நகரில் விவசாய உபகரணக் கடை ஒன்றில் சூரிய சக்தியில் இயங்கும் மின்வேலிக் கருவியொன்றை வாங்கினோம். கருவியில் எனக்குக் குறை இல்லை. விற்ற விதத்தில்தான் உண்டு.

வீட்டு மின்சாரம்போல் இதில் மின் தொடர்ந்து பாய்வதில்லை. ஏறத்தாழச் செக்கனுக்கு ஒரு தடவை, பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தில், கண் இமைப்பதற்குள் பாய்ந்து நின்றுவிடுவதால், முறையாகப் பூட்டினால் யானை வெருண்டு திரும்புமே தவிரச் சாகாது. 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொளுவுவது சட்டவிரோதம். இரவில் தண்ணீர் கட்டப் போகும் மனிதரையும் அது விட்டுவைக்காது.

யானையின் உடல் வழியே நிலத்தில் இறங்கும் மின், நிலத்தில் இறக்கும் ஏர்த் கோல் என்ற உலோகக் கோல் வழியாகத்தான் கருவிக்குத் திரும்புகிறது. கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தது ஒன்றரை அடிக் கோல் ஒன்று மட்டுமே. மாசியில் நிலம் காய்ந்ததும் வேலியின் மின்னடி வலுவிழந்தது. ஒரு நாள் இரவு தனியன் யானை ஒன்று வேலிக் கட்டையைக் காலால் உதைத்துச் சாய்த்து, அறுவடைக்கு நின்ற கதிரில் கால் ஏக்கரைத் தின்றும் மிதித்தும் போயிற்று. விடிந்து பார்த்தபோது அடிக்கம்பியில் புல் ஏறிப் பின்னிக் கிடந்தது. அது எங்கள் பிழை. புல் தொட்ட இடமெல்லாம் மின் நிலத்துக்குக் கசிந்துவிடும்.

பிறகு வாய்க்கால் ஓர ஈரத்தில் ஆறடிக் கோல்கள் மூன்றை இறக்கி, கிழமைக்கு ஒரு முறை புல்லையும் செதுக்கினோம். அறுவடை வரை யானை உள்ளே வரவில்லை.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. அவை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். 2023 இல் மட்டும் 450க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன; 150க்கும் மேற்பட்ட மனிதர் யானைகளால் மாண்டனர். காட்டு எல்லையில் நிரந்தர வேலி போட்டாலும் இரு புறமும் யானை நிற்கும் என்பதால், வயலைச் சுற்றி அடித்து அறுவடையோடு கழற்றும் இத்தகைய வேலியே எனக்குச் சரியாகப் படுகிறது. நாங்கள் கம்பியைச் சுருட்டிய மூன்றாம் நாள், குட்டியோடு இரண்டு யானைகள் அரிதாளில் மேய்ந்து நின்றன.

வாங்குவோர் வேலியின் வோல்ற்று அளக்கும் மானியையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது பெட்டியோடு வரவில்லை.