கடவுளைக் கேட்கும் லாட்ஜா, கேட்காத லாட்ஜா?

கடற்கரைச் சாலையில் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபடி தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஃப்ரீமேசன்ல சாமி நம்பிக்கை இருந்தாத்தான் சேர்ப்பாங்களாமே?" புதுச்சேரியில் அம்மா, பாரிசில் மாமா என்று அலைகிறவர். இந்தியச் சபை, பிரெஞ்சுச் சபை என்று இரண்டு வழியும் அவருக்கு உண்டு. (ஃப்ரீமேசன் என்பது சடங்குகளோடு கூடும் ஒரு சகோதரத்துவ அமைப்பு. லாட்ஜ் என்றால் ரூம் வாடகை இல்லை, அதன் சபை.)

நம்பிக்கை: 1961இல் அமைந்த இந்தியப் பெருஞ்சபையில் பரம்பொருள் ஒன்றை நம்பியே ஆகவேண்டும். எந்தச் சாமி என்று துருவ மாட்டார்கள். பிரான்சின் கிராண்ட் ஓரியண்ட் என்ற பெருஞ்சபை 1877இலேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது, நம்புகிறவருக்கும் தடையில்லை.

உறுதிமொழி: இங்கே அவரவர் வேதத்தின் மேல் கைவைத்து. கீதை, குர்ஆன், பைபிள் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பரந்த மனசு இல்லை என்று எப்படிச் சொல்வது? அங்கே மனசாட்சிச் சுதந்திரம்தான் அடிப்படை.

பேச்சு: இங்கே சபைக்குள் மதமும் அரசியலும் பேசக்கூடாது. சண்டை இல்லை, சில நேரம் சுவாரசியமும் இல்லை. அங்கே சமூகப் பிரச்சினைகளை அலசுவார்கள்.

பெண்கள்: இங்கே இல்லை. அங்கே 2010 முதல் உண்டு.

செலவு: இரண்டிலும் சந்தா உண்டு.

பிரெஞ்சு வழியில் சேர்ந்தவரை இந்தியச் சபை அங்கீகரிக்காது. அதனால் முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். சாமி கும்பிட்டு, எல்லா மதத்தாரோடும் அமைதியாக உட்கார நினைப்பவருக்கு இந்தியச் சபை. நாத்திகருக்கும் விவாதப் பிரியருக்கும் பிரெஞ்சு வழி.

தம்பி பொட்டலத்தைக் கசக்கினார். "அம்மாகிட்ட எதைச் சொல்றது?"

அதற்கு இரண்டு பக்கமும் விதி இல்லை.