போக்கிமான் கோ: ஒன்பது ஆண்டுப் பழக்கம்

கைப்பேசியோடு வெளியே நடந்து, திரையில் தோன்றும் போக்கிமான் என்ற கற்பனை உயிரிகளைப் பிடிக்கும் விளையாட்டு போக்கிமான் கோ. 2016 ஆகஸ்ட் 6 அன்று அது சிங்கப்பூருக்கு வந்தது. அன்று மாலையே தரவிறக்கினேன். ஹவ்காங் குடியிருப்பின் 401ஆம் புளோக்கின் கீழே அந்த மாதம் போக்கிமான் பிடிக்க இரவுதோறும் திரண்ட கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் செயலி என் கைப்பேசியில் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டு என்னை நடக்க வைத்தது. விளையாட்டில் கிடைக்கும் போக்கிமான் முட்டை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடந்தே தீர வேண்டும். பஸ்ஸில் போகும் தூரம் கணக்கில் சேராது. போக்கிமானை நம் எதிரே நிற்பதுபோல் காட்டும் கேமராக் காட்சியை அணைத்துவிட்டால் பேட்டரி ஓரளவு தாங்கும்.

இனி என்னை உறுத்தும் விஷயம். ஆரம்ப நாள்களில் ஒருமுறை, இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காக இங்கே உள்ள கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. கல்லறை இல்லாமல் போன 24,000க்கும் அதிகமானோரின் பெயர்களை மேலே உள்ள சுவர் போன்ற நினைவுத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள். இந்தியப் படையில் சேர்ந்து கடல் கடந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. திரையில் ஏதோ ஒன்று தோன்றியதும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன். பெயர் வரிசையில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நான் புகைப்படம் எடுக்கிறேன் என்று எண்ணி, மன்னிப்புக் கேட்டு விலகி நின்றார். அவர் விரல் எடுத்த இடத்தை மறுபடி கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2016 ஜூலையிலேயே வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், உள்ளே விளையாட வேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. போலந்தில் நாஜி வதை முகாம் இருந்த ஆஷ்விட்ஸிலும் இதே வேண்டுகோள் எழுந்தது. ஹிரோஷிமா நகராட்சி, அணுகுண்டு நினைவு நாளுக்குள் அமைதிப் பூங்காவிலிருந்து இந்த விளையாட்டை நீக்கும்படி கேட்டது; நீக்கினார்கள். அந்த நினைவு நாளும் ஆகஸ்ட் 6தான். நாங்கள் இங்கே முதல் போக்கிமானைப் பிடித்துக் குதூகலித்த அதே நாள்.

இத்தகைய இடங்கள் வரைபடத்தில் எப்படி வந்தன? போக்கிமான் கோவை உருவாக்கிய நயான்டிக் நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான இன்கிரெஸ்ஸுக்காக, அதை விளையாடியவர்கள் தங்கள் ஊர்ச் சிலைகளையும் நினைவுச் சின்னங்களையும் படமெடுத்து அனுப்பினார்கள். அந்தத் தரவின் மேல்தான் போக்கிஸ்டாப்கள், அதாவது விளையாட்டுக்கான பொருள்களைப் பெறும் இடங்கள், எழுந்தன. பூங்கா நீரூற்றும் போர்க் கல்லறையும் அதில் ஒரே வகைப் புள்ளிகள்.

2018இல் வந்த அட்வென்ச்சர் சிங்க் வசதியை எல்லோரும் இயக்கிவைக்க வேண்டும் என்பேன். செயலியை மூடி வைத்தாலும் அது நடையைக் கணக்கிடும். ஒலி, அதிர்வு இரண்டையும் நான் நிரந்தரமாக அணைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் மீண்டும் கிராஞ்சிக்குப் போனேன். கைப்பேசி பையில் இருந்தது. ஒரு தூண் முழுவதையும் நிதானமாகப் படித்தேன். எம் ஊர்ப் பக்கத்துப் பெயர்கள் சில கண்ணில் பட்டன. திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து செயலியைத் திறந்தேன். நடந்த தூரம் சேர்ந்திருந்தது. 5 கிலோமீட்டர் முட்டை ஒன்று பொரியக் காத்திருந்தது.