பன்னிரண்டு வருடமாக மால்குடியைக் கைமாற்றுகிறேன்

யாராவது "படிக்க ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டால் நான் முதலில் சொல்வது, மால்குடி என்ற கற்பனை ஊரை வைத்து ஆங்கிலத்தில் கதைகள் எழுதிய ஆர்.கே. நாராயணைத்தான். புத்தகமும் சரி, 'மால்குடி டேஸ்' தொடரும் சரி, பன்னிரண்டு வருடமாக இதே வேலை. யாருக்கு எதைக் கொடுத்தேன், திரும்பி வந்ததா, என்ன சொன்னார்கள் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பேன். இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு.

ஆரம்பத்தில் புத்தகத்தை நேராகக் கையில் கொடுத்துவிடுவேன். "அருமையா இருக்கும், படிங்க." பாதிப் பேர் தொடவே இல்லை. அப்புறம் ஒரு நாள், பத்து வயதான அக்கா பையனுக்குத் தொடரில் ஒரே ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டினேன். ஒரு பையன் புலியோடு போராடிய செய்தியைப் பேப்பரில் படித்த அப்பா, மகன் சுவாமியிடம் 'தைரியம் இருந்தால் இன்று ராத்திரி என் ஆபீஸ் அறையில் தனியாகப் படு' என்கிறார். பாட்டி பக்கத்திலேயே தூங்கிப் பழகியவன் பெஞ்சுக்கடியில் சுருண்டு கிடக்கிறான். இருட்டில் ஏதோ அசைகிறது. பிசாசு என்று நினைத்துக் கடித்துவிடுகிறான். அது திருடனின் கால்! அக்கா பையன் சோபாவில் காலை மேலே இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தான். மறுநாள் அவனே வந்து, "அந்தப் பையன் கதை புக்கா இருக்கா மாமா?" என்றான்.

1986இல் தூர்தர்ஷனில் வந்த தொடர் இது. சங்கர் நாக் இயக்கம், கர்நாடகத்தின் ஆகும்பேயில் படப்பிடிப்பு, சுவாமியாக மஞ்சுநாத், அப்பாவாக கிரிஷ் கர்னாட். எல்.வைத்தியநாதனின் தலைப்பிசை இன்னும் காதில் நிற்கிறது. இந்தி தெரியாத வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்து நாமே கதை சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அது பிடித்த வேலை.

புத்தகத்தில் நான் காட்டும் இடம் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' கடைசிப் பக்கங்கள். ஊரைவிட்டுப் போகும் நண்பன் ராஜமுக்குக் கொடுக்க, ஆண்டர்சன் கதைப் புத்தகத்தோடு சுவாமி ரயில் நிலையத்தில் நிற்கிறான். கிளம்பிவிட்ட ரயிலோடு ஓடி இன்னொரு நண்பன் மணிதான் அதை ஜன்னல் வழியே சேர்க்கிறான். பிடித்த ஒருவருக்குப் புத்தகம் கொடுக்கும் தவிப்பை இவ்வளவு நெருக்கமாக எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை. இந்த நாவல் 1935இல் வெளிவந்ததே ஒரு பரிந்துரையால்தான். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிரதியைக் கல்லைக் கட்டி தேம்ஸில் போட்டுவிடும்படி நாராயண் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். பூர்ணா அதை ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் படித்துவிட்டுப் பதிப்பாளரையே பிடித்துத் தந்தார்.

இனி, நோட்டில் எனக்கு வலிக்கிற பக்கம். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவருக்கு மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு 'தி இங்கிலீஷ் டீச்சர்' கொடுத்தேன். 1939இல் மனைவி ராஜம் டைஃபாய்டில் இறந்த துயரத்திலிருந்து நாராயண் எழுதியது. இறந்த மனைவியோடு கணவன் பேச முயலும் பின்பகுதி இவருக்கு ஆறுதல் தரும் என்று நம்பினேன். அதற்கு முன்னால் அந்த மனைவி சுசீலாவின் காய்ச்சலையும் சாவையும் தாண்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்துப் புத்தகம் என் மேஜைக்கு வந்தது. காய்ச்சல் தொடங்கும் இடத்தில் மடித்த பஸ் டிக்கெட். "இதுக்கு மேல முடியல தம்பி" என்றார்.

அதிலிருந்து, கதையில் சாவு வந்தால் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். சுவாரசியம் போய்விட்டது என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. எல்லாருக்கும் ஒரே புத்தகத்தை நீட்டுவதும் நின்றுவிட்டது. ராத்திரி தூங்குவதற்கு முன் கொஞ்சம் படிப்பவர்களுக்குச் சிறுகதைத் தொகுப்பு. படித்தே நாளாகிவிட்டது என்பவர்களுக்கு முதலில் தொடர்.

'சுவாமி'யில் இது என் மூன்றாவது பிரதி. முதல் இரண்டும் போன இடம் நோட்டில் இருக்கிறது, திருப்பிக் கேட்கவில்லை. இப்போதைய பிரதி எதிர்வீட்டுப் பாட்டியிடம். நேற்று கோலம் போட்டுக்கொண்டே, "ஹெட்மாஸ்டர் பிரம்பைப் பிடுங்கித் தூக்கிப்போட்டுட்டு ஓடிட்டானே, அப்பாகிட்ட என்ன சொல்லப்போறான்?" என்று கேட்டார்.