இரத்மலானையா, வெள்ளவத்தையா?

கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர்கள் பார்வையற்ற பிள்ளையை எங்கே சேர்ப்பது? 1912இல் தொடங்கப்பட்ட இரத்மலானை விசேட பாடசாலையில், விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் எழுத்துத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் தினமும் காலி வீதி வாகன நெரிசல், இல்லையென்றால் விடுதி. தமிழ்மொழி வகுப்பு பற்றியும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையில் வீட்டுப் பக்கத்துப் பாடசாலை என்றால் தங்கையோடு ஒரே வான் வண்டியில் போகலாம். அங்கே சிக்கல் கரும்பலகைதான். “இதையும் இதையும் கூட்டினால் இது” என்று ரீச்சர் சுட்டிக்காட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. “ஏழும் ஐந்தும் பன்னிரண்டு” என்று வாய்விட்டுச் சொன்னால் போதும்.

எழுத்து அப்படியல்ல. பிரெயிலில் ஆறு புள்ளிகள். ‘அ’ வெறும் முதற்புள்ளி. விரல்நுனி அதைப் பழக, பக்கத்தில் ஒருவர் தினமும் இருக்க வேண்டும். நெரிசலான வகுப்பில் அது நடக்காது. அதனால் முதல் சில வருடங்கள் இரத்மலானை, விரல் ஓடத் தொடங்கியதும் வெள்ளவத்தை என்பேன்.